கேக் கலை கேள்வி – பதில்: சர்க்கரைப் பூ நழுவாமல் நிற்க

கேள்வி: ஃபாண்டன்ட் (தகடாகத் தேய்த்துப் போர்த்தும் சர்க்கரை மாவு) போர்த்திய மூன்றடுக்குத் திருமண கேக்கின் பக்கவாட்டில், கம் பேஸ்ட்டில் (காய்ந்தால் இறுகும் சர்க்கரை மாவு) செய்த பெரிய ரோஜாக்களைத் தண்ணீர் தொட்டு ஒட்டினேன். ஒரு மணி நேரத்தில் மெல்லச் சறுக்கி இறங்கிவிட்டன. எந்தப் பசை நல்லது?

பதில்: பசை இருக்கட்டும், முதலில் பூவின் எடையைப் பாருங்கள். முழு ரோஜா காய்ந்த பிறகும் கனம்தான். செங்குத்தான பரப்பில் பசையை மட்டும் நம்பி அதை ஒட்டக்கூடாது. தண்ணீரோ சர்க்கரையைக் கரைத்துப் பாகாக்கிவிடும். உங்கள் ரோஜாக்கள் வழுக்கியது அந்தப் பாகில்தான்.

நாணய அளவுப் பூ, இலை, தனி இதழ் இவற்றுக்குப் பசையே போதும். கால் டீஸ்பூன் டைலோஸ் பவுடரை (உண்ணத்தக்க பசைத் தூள்) 2 டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான நீரில் கலந்து, மூடி, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் கட்டிகள் கரைந்து தெளிந்த கூழாகியிருக்கும். பூவின் அடியில் மெல்லிசாகத் தடவி, பிசுபிசுப்பு வரும்வரை சற்றுப் பொறுத்து, பிறகு அழுத்துங்கள்.

கொஞ்சம் பெரிய, அடி தட்டையான பூவுக்கு ராயல் ஐசிங்தான் சரி. 450 கிராம் ஐசிங் சுகர், 3 டேபிள்ஸ்பூன் மெரிங்கு பவுடர் (முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த தூள்), 5 டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான நீர். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாத பாத்திரத்தில் 7 முதல் 10 நிமிடம் அடியுங்கள். கரண்டியைத் தூக்கும்போது முனை வளையாமல் நிற்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஐசிங் சுகர் சேர்த்து இறுக்குங்கள். பூவை அழுத்திய பின் அடியில் சிறு ஸ்பாஞ்ச் துண்டை முட்டுக் கொடுத்து, குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் தொடாமல் விடுங்கள். ஐசிங்கின் வெளிப்பக்கம் காய்ந்ததும் அவசரப்பட்டு அந்த ஸ்பாஞ்சை எடுப்பதால் விழும் பூக்கள்தான் அதிகம். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.

பெரிய ரோஜாவுக்கு இடத்தையே மாற்றிவிடுவது இன்னும் நல்லது. இரண்டு அடுக்குகள் சேரும் படியில், எலுமிச்சை அளவு ஃபாண்டன்ட் உருண்டையை ராயல் ஐசிங்கால் ஒட்டி, அது இறுகியதும் பூக்களை அதன்மேல் சாய்த்து ஒட்டுங்கள். எடையைக் கீழ் அடுக்கு வாங்கிக்கொள்ளும், பூ பக்கவாட்டில் இருப்பது போலவே தெரியும்.

கேள்வி: கம்பி வைத்த பூக்களை நேராகக் கேக்கில் குத்தலாமா? காம்பு முழுக்க டேப் சுற்றித்தானே இருக்கிறது?

பதில்: வேண்டாம். ஃப்ளோரல் வயரும் டேப்பும் கைவினைப் பொருட்கள், உணவுக்காகச் செய்தவை அல்ல. டேப்பில் மெழுகு இருக்கிறது. கேக்கின் ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கலாம், மெல்லிய கம்பி உள்ளேயே ஒடிந்து நின்றுவிடலாம். சாப்பிடுகிறவர் வாயில் அது அகப்படுவதைவிட மோசமான விஷயம் எதுவும் இல்லை.

கம்பிக் காம்பைத் தாங்கக் கேக்கில் இறக்கும், உணவுக்கேற்ற பிளாஸ்டிக் பூக்குழல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மில்க் ஷேக் ஸ்ட்ரா போதும். அடுக்கின் உயரத்தைவிடக் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். 10 செ.மீ. அடுக்குக்கு 6 அல்லது 7 செ.மீ. சரியாக இருக்கும். ஒரு முனையை உருக்கிய சாக்லேட்டில் தோய்த்து அடைத்து, இறுகியதும் உள்ளே மென்மையான ஃபாண்டன்ட்டை நிரப்புங்கள். அடைத்த முனை உள்ளே போகும்படி கேக்கில் இறக்குங்கள். பக்கவாட்டில் செருகும்போது உள்முனை தாழ்ந்து, வாய் மேல்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். கிடைமட்டமாகச் செருகினால் பூவின் கனம் குழலையே நெம்பி வெளியே இழுத்துவிடும். அடுக்கைத் தாங்க உள்ளே வைத்த குச்சிகள் (dowels) எங்கே இருக்கின்றன என்பதை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கேக் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது குழலை இறக்கினால் ஓட்டை அகலாது.

குழலுக்குள் செருகும் காம்பின் கடைசி 2 செ.மீ.யைக் குறடால் வளைத்து நெளிநெளியாக்குங்கள். அந்த நெளிவு ஃபாண்டன்ட்டைப் பிடித்துக்கொள்ளும், பூ சுழலாது. கம்பியின் கேஜ் எண் (தடிமனைக் குறிக்கும் எண்) கூடக் கூட அது மெலியும். பெரிய பூவின் காம்புக்கு 18 அல்லது 20, இதழுக்கு 26 அல்லது 28. இதழுக்கான கம்பியில் முழு ரோஜாவை நிறுத்தினால் தலை தொங்கத்தான் செய்யும்.

கேள்வி: பட்டர்க்ரீம் கேக்கில் ராயல் ஐசிங் போட்டு ஒட்டிய பூக்கள் உதிர்ந்துவிட்டன. ஏன்?

பதில்: கொழுப்பு ராயல் ஐசிங்கை இளக்கிவிடும், பிடிப்பு வராது. சிறு பூக்களை புது பட்டர்க்ரீம் பொட்டு வைத்தே ஒட்டுங்கள். அதைவிடக் கனமானவற்றுக்கு, கேக்கைக் குளிரவைத்து, உருக்கிய வெள்ளை சாக்லேட்டால் ஒட்டினால் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். சூடான கூடத்தில் சாக்லேட்டும் இளகும் என்பதால் பெரிய பூவுக்கு இங்கேயும் குழல்தான். பூவின் பின்புறத்தில் முன்கூட்டியே சாக்லேட் பூசிக் காயவிட்டால், க்ரீமின் ஈரம் இதழுக்கு ஏறுவதும் குறையும்.

கேள்வி: பூ வைத்த கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: கூடாது. கம் பேஸ்ட் ஈரத்தை உறிஞ்சி இதழ்கள் துவளும், வெளியே எடுத்ததும் நீர் கோத்துப் பூவில் தூவிய வண்ணம் திட்டுத்திட்டாகக் கரையும். கேக்கை மட்டும் குளிரவைத்து, வெளியே எடுத்து, மேற்பரப்பு வியர்த்துக் காய்ந்த பிறகு பூ வையுங்கள்.

கேள்வி: மண்டபத்துக்குக் கொண்டுபோகும் வழியில் இதழ்கள் உடைகின்றன. தவிர்ப்பது எப்படி?

பதில்: குழல்களை மட்டும் முன்பே பதித்து, பூக்களைத் தனிப்பெட்டியில் தெர்மாகோலில் குத்திக் கொண்டுபோய், அங்கே செருகுங்கள். பெட்டியில் காய்ந்த ராயல் ஐசிங்கை நம்பிப் போகாதீர்கள். பைப்பிங் பையில் புதிதாக இருக்கட்டும். கூடவே அதே நிறக் கம் பேஸ்ட் பட்டாணி அளவு. அதில் டைலோஸ் பசையை இரண்டு சொட்டு விட்டு, விரலில் இழுபடும் வரை கத்தி முனையால் மசித்தால் உடைந்த இதழை ஒட்டலாம். உடைப்பின் ஓரத்தில் அரிசி அளவு வைத்து, பத்து நிமிடம் பஞ்சால் தாங்கிப் பிடித்தால் போதும், இணைப்பும் தெரியாது.

உதிரி இதழ்களும் இலைகளும் கூடுதலாக எடுத்துப்போங்கள், விரிசலை மறைக்க உதவும். கேக் வெட்டுபவரிடம் எந்த அடுக்கில் எத்தனை குழல்கள், எங்கே என்று எழுதியே கொடுங்கள். வெட்டுமுன் அவர் எல்லாவற்றையும் எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.