அம்மாவின் அறையில் கேமரா வைக்கலாமா?

கேள்வி: எழுபத்தெட்டு வயதான என் அம்மா தனியாக வசிக்கிறார். சென்ற மாதம் கூடத்தில் வழுக்கி விழுந்தவர், பால்காரர் வரும்வரை எழ முடியாமல் கிடந்தார். கேமரா வைக்கலாம் என்றால், "நான் புடவை மாற்றுவதையும் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்களா?" என்று மறுக்கிறார். முகமும் உடலும் தெரியாமல், விழுந்தால் மட்டும் தகவல் தரும் கேமரா உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. ஆனால் உங்கள் அம்மாவின் மறுப்பு முற்றிலும் நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண கேமராவில் முகத்தை மங்கலாக்கிக் காட்டுவது இதற்குத் தீர்வாகாது. திரையில்தான் மங்கல், அசல் படம் எங்கோ பதிவாகியிருக்கக்கூடும்.

நீங்கள் தேட வேண்டியது ஆழத்தை அளக்கும் கேமரா. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்காக 2010-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கினெக்ட், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் வீசி, அவை விலகி விழும் விதத்தைக் கொண்டு ஒவ்வோர் இடமும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டது. அந்தப் படத்தில் புடவையின் நிறமோ முகத்தின் சாயலோ இராது. சாம்பல் நிற உருவம் ஒன்று நடமாடும், அவ்வளவுதான். அமெரிக்காவின் மிசோரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொலம்பியா நகரிலுள்ள டைகர்பிளேஸ் முதியோர் குடியிருப்பில் இதைப் பொருத்தி, நிழலுருவங்களைக் கொண்டே முதியோரின் நடைவேகத்தையும் விழுதலையும் கண்காணித்தார்கள். உருவம் சட்டெனத் தாழ்ந்து, தரையை ஒட்டியே அசையாமல் கிடந்தால் அது விழுதல். கட்டிலில் படுப்பவரின் உருவம் அந்த அளவுக்குத் தாழ்வதில்லை. கினெக்டின் அதே பெட்டிக்குள் வண்ணக் கேமராவும் இருந்தது. ஆகவே, எந்தக் கருவியை வாங்கினாலும் அதில் வண்ணக் கேமரா உண்டா என்று கேளுங்கள்.

வெப்பத்தை மட்டும் உணரும் சென்சாரும் இருக்கிறது. எட்டுக்கு எட்டு, மொத்தம் 64 புள்ளிகளே கொண்ட வகையில் மனிதர் ஒரு வெதுவெதுப்பான திட்டாகத்தான் தெரிவார். ஆனால் சித்திரை வெயிலில் சுவரும் தரையும் உடலளவுக்குச் சுடும்போது அது தடுமாறும்.

நிழலுருவமும் முழு மறைவு அன்று. நடையை வைத்தே ஆளை அடையாளம் காணலாம். இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பதும் தெரிந்துவிடும். ஆகவே கணக்கீடு கருவிக்குள்ளேயே நடக்க வேண்டும், செய்தி மட்டுமே வெளியே போக வேண்டும். வாங்கும்முன் இணையத்தைத் துண்டித்துவிட்டு, மெத்தை விரித்து யாரையாவது விழச் சொல்லிப் பாருங்கள். கருவியின் அலாரம் அப்போது ஒலிக்கவில்லையென்றால், படம் வெளியே போய்த்தான் முடிவு வருகிறது என்று சந்தேகிக்க இடமுண்டு.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. எனினும் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தம் வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதற்குப் பொருந்தாது. அதாவது, அம்மாவின் சம்மதத்தைக் கேட்குமாறு அந்தச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. நீங்களாகவேதான் கேட்க வேண்டும். கருவியில் தெரியும் உருவத்தை அவர் அறையிலேயே அவருக்குக் காட்டுங்கள், அணைக்கும் சுவிட்சையும் அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். குளியலறையில் எந்தக் கேமராவும் வேண்டாம். தரையில் கிடந்தாலும் எட்டும் உயரத்தில் ஓர் அழைப்பு மணி பொருத்துங்கள்.