பில் எவன்ஸ்: ட்ரையோவும் தனிப் பியானோவும் (கேள்வி பதில்)

கேள்வி: ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸை இதுவரை கேட்டதில்லை. எதில் தொடங்கலாம்?

பதில்: ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ ஆல்பத்தில். நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் 1961 ஜூன் 25 அன்று பகலும் இரவுமாக ஐந்து செட் (இடைவேளை விட்டு வாசிக்கும் சுற்று) வாசித்ததிலிருந்து எடுத்தது. பேஸ் (கீழ் ஸ்வரங்களுக்கான பெரிய தந்தி வாத்தியம்) ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் பால் மோஷன். பதினோராம் நாள் லஃபாரோ கார் விபத்தில் இறந்துவிட்டார், வயது 25தான். கிளாஸ் சத்தமும் பேச்சுக்குரலும் இடையிடையே கேட்கும், பொருட்படுத்தாதீர்கள். அதிலுள்ள ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’டை முதலில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

கேள்வி: அந்த ட்ரையோவை (மூவர் குழுவை) விமர்சகர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பதில்: மூவரும் சமமாகப் பேசுவதால். பேஸ் ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் ஒரு ஸ்வரம் வைத்து நடந்துகொண்டே இருப்பதுதான் வழக்கம். லஃபாரோ பல இடங்களில் அதை விட்டுவிட்டு, பியானோ விடும் இடைவெளியில் தன் சொந்த மெட்டை நுழைக்கிறார். மோஷனும் தட்டை அடித்துக் காட்டாமல் உணர்த்திவிட்டுப் போகிறார். தாளம் யாரிடம் இருக்கிறது என்று தேடினால் மூவரிடமும் இருக்கும். அந்தப் பாராட்டு முழுக்கத் தகும்.

கேள்வி: தனியாக வாசித்தவை அந்த அளவு இல்லை என்கிறார்களே?

பதில்: வேகமான பாட்டுகளில் அது சரி. மெதுவானவற்றில் ஒப்ப மாட்டேன். 1968இல் பதிவான ‘அலோன்’ ஆல்பத்தில் ‘நெவர் லெட் மீ கோ’ பதினான்கு நிமிடத்தைத் தாண்டுகிறது. ஒரே பாட்டை இவ்வளவு நேரம் சலிக்காமல் விரிக்கிறார். 1958இன் ‘பீஸ் பீஸ்’ இன்னும் எளிது: இடது கை இரண்டே கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) திரும்பத் திரும்ப வாசிக்க, வலது கை மெல்ல மெல்ல அவற்றுக்குப் பொருந்தும் ஸ்வரங்களுக்கு வெளியே போகிறது. ‘கான்வர்சேஷன்ஸ் வித் மைசெல்ஃப்’ (1963) மூன்று பியானோத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தது. அதைத் தனி வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: அவருடைய இடது கை வாய்சிங்கை (கார்டின் ஸ்வரங்களை அடுக்கும் முறையை) வீட்டில் வாசித்தால் அடித்தளமே இல்லாமல் கேட்கிறது. எங்கே தவறு?

பதில்: ரூட்டை, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் அடிப்படை ஸ்வரத்தை, விட்ட வாய்சிங் அது, ரூட் பேஸ்காரரின் வேலை. டி மைனர் 7க்கு எஃப்-ஏ-சி-ஈ, ஜி7க்கு எஃப்-ஏ-பி-ஈ, சி மேஜர் 7க்கு ஈ-ஜி-பி-டி. முதலிரண்டுக்கும் நடுவே ஒரே விரல்தான் நகர்கிறது, சி-யிலிருந்து பி-க்கு. அந்த வழவழப்பு அதனால்தான். கீழ் ஸ்வரத்தை நடு சி-க்குச் சற்றுக் கீழே உள்ள எஃப், ஈ-யில் வையுங்கள். அதற்கு ஓர் ஆக்டேவ் கீழே போனால் கார்டு கலங்கிவிடும்.

பேஸ் இல்லாதபோது முதல் தட்டில் இடது கையால் ரூட்டும் அதிலிருந்து எண்ணினால் வரும் ஏழாவது ஸ்வரமும் மட்டும் (டி மைனர் 7க்கு டி, சி) வாசியுங்கள். மூன்றாவதான எஃப்-ஐ வலது கை மெட்டுக்கு அடியில் பிடிக்கட்டும். பெடலைக் கார்டு மாறும்போதெல்லாம் மாற்றுங்கள்.