இலைத் தராசும் லேவியராகமம் 19-ம் அதிகாரமும்

கேள்வி: தினமும் இரண்டு அதிகாரம் வேதம் வாசிக்கிறேன். வாக்குத்தத்த வசனங்கள் பலவும் மனப்பாடம். ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் ஒன்றும் கூட வருவதில்லை. வேத வசனத்தை அன்றாட வாழ்க்கையில் கைக்கொள்வது எப்படி?

சகோதரரே, நீங்கள் எழுதிய 'திங்கட்கிழமை' என்ற சொல்லைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் போதகர் அல்ல. நீலகிரியில், கோத்தகிரி பக்கத்தில் பச்சைத் தேயிலை எடை போடுகிறவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலை. வசனம் என் வேலைக்குள் வந்தது ஒரே ஒரு முறைதான் பளிச்சென்று நடந்தது. அதையே சொல்கிறேன்.

சிறு விவசாயிகள் மாலையில் இலையை வலைச் சாக்குகளில் கட்டிச் சாலையோரம் கொண்டுவருவார்கள். இலையை வாங்கி ஃபேக்டரிக்குக் கொடுக்கும் ஏஜென்டின் லாரி வரும். தராசில் மாட்டி, எடையைப் படித்து, கழிவு போக மீதியை நோட்டில் எழுதுவது என் வேலை. கழிவு என்றால் சாக்கின் எடையும், மழை நாளில் இலையில் நிற்கும் தண்ணீரின் எடையும். வெறும் வலைச் சாக்கு கால் கிலோகூட வராது. நாங்கள் சாக்குக்கு ஒரு கிலோ கழித்தோம். ஈர இலை என்றால் நூற்றுக்கு எட்டு, பத்து என்று வாயில் வந்ததைக் கழித்தோம். இப்படிச் சேரும் மிச்ச இலையில் எனக்கும் மாதம் ஒரு சிறு தொகை வந்தது. அதிலிருந்து சபைக்குத் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2014-ல், அருகிலுள்ள ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வயதான படுகப் பெண்மணி ஒருவர் இலை கொண்டுவருவார். நான் எவ்வளவு எழுதினாலும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டார். ஒருநாள் 23 கிலோவை 21 என்று எழுதினேன். அவர் இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பேத்தியின் கையெழுத்து. தேதி, வீட்டில் நிறுத்த எடை, நான் எழுதிய எடை என்று மூன்று வரிசை. "நீங்கள் எழுதுவதை நீங்கள் எழுதுங்கள், தம்பி. எங்கள் கணக்கை நாங்களும் எழுதி வைக்கிறோம்" என்றார். கோபமே இல்லை. சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் வாசிப்பு லேவியராகமம் 19-க்கு வந்திருந்தது. நாங்கள் ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசிக்கிற வழக்கம். லேவியராகமத்தை எப்போது கடப்போம் என்று எல்லாருக்கும் இருக்கும். அப்போது பதினொரு வயதான என் மகள் வாசித்தாள். "சுமுத்திரையான தராசும், சுமுத்திரையான நிறைகல்லும்" என்ற இடத்தில் நிறுத்தி, "அப்பா, சுமுத்திரை என்றால் என்ன?" என்று கேட்டாள். நல்ல முத்திரை உள்ளது, சரியானது என்றேன். "உங்கள் தராசில் ஒட்டியிருக்கிறதே, அதுவா?" என்றாள். ஆம், மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வைக்க வேண்டும். எங்கள் தராசிலும் அந்த ஆண்டின் முத்திரை இருந்தது. தராசு ஒரு கிராம்கூடப் பொய் சொல்லவில்லை. தராசு காட்டியதற்கும் நோட்டில் ஏறியதற்கும் நடுவில் இருந்தது என் கை. முந்தின வசனம் "அளவிலும், நிறையிலும், படியிலும் அநியாயம் செய்யாதிருப்பீர்களாக" என்கிறது. மகள் அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை.

இந்த வசனத்தை நான் அதற்கு முன் எத்தனையோ முறை வாசித்திருப்பேன். ஆனால் என்னைப் பற்றியது என்று பட்டதில்லை. காரணத்தைப் பிற்பாடு யோசித்தேன். நம் சபைகளில் வருடக் கடைசி இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதில் "உன்னை ஆசீர்வதிப்பேன்" வரும், "உன்னைப் பெருகப்பண்ணுவேன்" வரும். "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று ஒரு அட்டையும் நான் இதுவரை பார்த்ததில்லை. அட்டை எடுப்பது தவறு என்று நான் சொல்லவரவில்லை. என் தாயார் எடுத்த அட்டைகளையெல்லாம் வேதத்துக்குள் வைத்திருந்தார், அவற்றைத் தொட்டாலே எனக்கு அழுகை வரும். ஆனால் வருஷம் முழுவதும் நமக்கு என்ன கிடைக்கும் என்ற வசனங்களையே தேடித் தேடி எடுத்தால், நம்மிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது கண்ணில் படாமலே போய்விடுகிறது. நீங்கள் சொல்லும் திங்கட்கிழமை வறட்சிக்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வாக்குத்தத்த வசனத்தைக்கூட அதன் அக்கம்பக்கத்தோடு வாசித்தால் அதற்குள் ஒரு வேலை இருக்கும். என் தாயாருக்கு மிகவும் பிடித்தது எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அவர் இலங்கையில் நுவரெலியாப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணப்பட்டார்கள். அதில் ஒருவராக 1973-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தார். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், பிற்பாடு டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனவற்றில், வேலை. ஊர் புதிது, குளிர் புதிது, பேச்சைக் கேட்டே "சிலோன்காரர்கள்" என்று தள்ளி வைத்தார்கள். அந்தக் காலத்தில் இந்த வசனம் அவரைத் தாங்கியது.

ஆனால் எரேமியா இதை யாருக்கு எழுதினார்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்கிறது 10-ம் வசனம். கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் வயதானவர்கள் யாரும் திரும்பிப்போய்ப் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது 5-ம் வசனத்தில்: வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள். 7-ம் வசனத்தில் இன்னும் கடினமானது: உங்களைக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால் உங்களுக்கும் சமாதானம் இருக்கும். என் தாயார் 11-ஐச் சொல்வார், 7-ஐச் செய்வார். தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், எங்கள் லைன் வீட்டின் பின்னால் முட்டைக்கோஸ் போட்டு, முதல் காய்ப்பை எங்களைத் தள்ளி வைத்தவர்களின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். வசனத்தைக் கைக்கொள்வது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த முட்டைக்கோஸ்தான்.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதும் அப்படியே. ஜீப்பின் கண்ணாடியிலும் பிள்ளைகளின் தேர்வு அட்டையிலும் ஒட்டியிருக்கிறோம். பவுல் அதைக் காவலில் இருந்துகொண்டு எழுதினார். முந்தின வசனம் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைப் பற்றியது.

தராசுக்கு வருகிறேன். மறுநாள் ஏஜென்டிடம் பேசினேன். "அண்ணா, இனிமேல் வெறும் சாக்கை நிறுத்து அந்த எடையை மட்டும் கழிக்கிறேன்" என்றேன். அவர் கெட்டவர் அல்ல. "ஃபேக்டரியில் நம்மிடமும் கழிக்கிறார்கள். நீ ஒருவன் மாறினால் அந்த நஷ்டத்தை யார் கட்டுவது?" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டார், பிறகு வேறு ஆளை வைத்துக்கொண்டார். அதன்பின் ஒரு வருஷம் போல வீட்டில் மிகவும் கஷ்டம். கீழ்ப்படிந்தால் உடனே ஆசீர்வாதம் என்று சாட்சி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். என்னிடம் அந்தச் சாட்சி இல்லை. என் மனைவி வளையலை அடகு வைத்தாள். வசனத்தின்படி செய்ததற்கு விலை இருந்தது, அதைக் கொடுத்தோம்.

வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று இயேசுவிடம் சொன்னானே, அது என்னை விடவில்லை. அந்த அம்மாவின் நோட்டைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் 41 கிலோ. கிலோ 12 ரூபாய் வீதம் 492. நான்கு மடங்கு 1,968. இரண்டாயிரம் ரூபாயைக் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்கு வரவேண்டியது 492 தானே" என்று ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை மட்டும் எடுத்துக்கொண்டார். சுருக்குப் பையைத் திறந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயம், மூன்று ஒரு ரூபாய் நாணயங்கள் என்று என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். பிறகு காப்பி கொடுத்தார். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். லேவியராகமத்தை வாசித்தவரும் அல்லர். சுமுத்திரை என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு அந்த எட்டு ரூபாய்தான் ஞாபகம்.

மற்ற விவசாயிகளிடம் நோட்டு இல்லை. அவர்களுக்கு நான் எவ்வளவு தரவேண்டும் என்று இன்றுவரை கணக்கிட முடியவில்லை. அது என் மனதில் அப்படியே இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும்: அதே அதிகாரத்தில் இருவித நூல் கலந்த வஸ்திரம் உடுக்காதே என்றும் இருக்கிறதே, தராசை மட்டும் எப்படிப் பிடித்துக்கொண்டாய்? எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பது அந்த அதிகாரத்தின் 18-ம் வசனம். இயேசுவே அதை எடுத்து, தேவனிடத்தில் அன்புகூருவதற்கு அடுத்த கற்பனையாக வைத்தார். நியாயப்பிரமாணம் முழுவதும் இவ்விரண்டில் அடங்கும் என்றார். அந்த 18-ஐ நடுவில் வைத்துச் சுற்றிலும் பாருங்கள். விளைச்சலின் ஓரத்தை எளியவனுக்கு விடு, கூலியை மறுநாளுக்கு வைக்காதே, செவிடனை நிந்திக்காதே, அந்நியனை ஒடுக்காதே, தராசில் ஏமாற்றாதே. பிறன் என்பவன் யார், அவனில் அன்புகூருவது எந்த இடத்தில் என்று அந்த அதிகாரமே கைகாட்டுகிறது. வஸ்திரத்தைப் பற்றி வேதம் படித்தவர்களிடம் கேளுங்கள்.

அந்நியனைப் பற்றிய 34-ம் வசனத்தை எங்களைப் போன்ற தோட்டக் குடும்பங்கள் தள்ளிவிட்டுப் போகவே முடியாது. "நீங்களும் எகிப்துதேசத்தில் அந்நியராயிருந்தீர்களே" என்கிறது. இப்போது இந்த மலையில் இலை எடுக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் தாய்மார்களைச் சொன்ன அதே ஏளனச் சொற்களை நம் ஆட்களே அவர்களைப் பார்த்துச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வசனத்தை நமக்குப் பொருத்துவது வேறு, அடுத்தவர் துக்கத்தின்மேல் எறிவது வேறு. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ஒரு இழவு வீட்டில், பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனிடம், "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று ஒருவர் சொன்னார். அந்த மனிதர் எழுந்து வெளியே போய் மழையில் நின்றார். அந்த வசனம் உள்ள அதே ரோமர் நிருபத்தில்தான் "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றும் எழுதியிருக்கிறது. பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது சரியாகவே இருந்தது.

நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. இரண்டு அதிகார வாசிப்பைச் சில நாள் நிறுத்திவைத்து, லேவியராகமம் 19-ஐ மட்டும் ஒரு வாரம் வாசியுங்கள். பழைய மொழிபெயர்ப்போடு இக்காலத் தமிழில் உள்ள திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சில இடங்கள் தெளியும். உங்கள் மேசையில், கல்லாவில், வகுப்பறையில், எதுவானாலும், உங்களிடம் இருக்கும் தராசு எது என்று பாருங்கள். எது தொந்தரவு செய்கிறதோ அதைப் பற்றி மறுநாள் விடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள், சின்னதாக இருக்கட்டும். முடிந்தால் வீட்டில் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தானாக வாசிக்கும்போது வேண்டாததைக் கண் தாண்டிவிடும்.

நான் இப்போது சில விவசாயிகள் சேர்ந்து நடத்தும் எடை மையத்தில் இருக்கிறேன். வெறும் சாக்கை அவரவர் முன்னாலேயே நிறுக்கிறோம், அதில் சண்டை இல்லை. ஈர இலைக்கு எவ்வளவு கழிப்பது என்பதில்தான் இன்னும் தகராறு. இலையை உதறி, சற்றுநேரம் தண்ணீர் வடியவிட்டு நிறுக்கிறோம். அப்படியும் இவர் அதிகம் என்பார், அவர் குறைவு என்பார். நேற்றும் அடைமழை. 31 கிலோவுக்கு ஒரு கிலோவா இரண்டா என்று அரைமணி நேரம் பேசி, ஒன்றரை என்று எழுதினோம்.