4 ஜிபி மடிக்கணினிக்கு மின்ட் போதும்

வணக்கம். 4 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினிக்கு லினக்ஸ் இயங்குதளத்தில் உபுண்டு வகையா, ஆர்ச் வகையா என்று கேட்டிருந்தீர்கள். லினக்ஸுக்குப் புதியவர் என்பதால் ஆர்ச் இப்போதைக்கு வேண்டாம். அதில் எல்லாவற்றையும் நீங்களே அமைக்க வேண்டும். உபுண்டுவின் வழக்கமான பதிப்பு 4 ஜிபியில் திணறும். இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட் 22-இல், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைமுகப்பு கொண்ட பதிப்பைப் போடுங்கள். 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு.

நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் திரை மறுபடி எரிகிறதா? இந்த மூன்றும் சரியென்றால் தைரியமாக இறங்கலாம்.

நிறுவியதும் முதல் வேலையாக, கணினி அமைப்பின் நிலையைச் சேமித்து வைத்து வேண்டும்போது அதற்கே திரும்ப உதவும் டைம்ஷிஃப்ட் கருவியை இயக்கிவிடுங்கள். ஒரு புதுப்பிப்புக்குப் பின் எனக்குத் திரை கறுத்தே நின்றது. முந்தைய நாள் நிலைக்குத் திரும்பக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது காப்பதில்லை. அவற்றை இன்றே வேறு வட்டில் நகலெடுத்து வையுங்கள்.