இரண்டு நாள் பயிற்சிக்கு 25,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: கோத்தகிரி வட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். ஆள் என்று பார்த்தால் நானும் ஒரு தினக்கூலி உதவியாளரும்தான். காலையில் பேப்பர் பார்க்கப் பெரியவர்கள் வருகிறார்கள். பகலில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் தங்கள் கைடுகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தகம் எடுத்துப் போகிறவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். வாசகர் வட்டத்தில் 25,000 ரூபாய் நன்கொடை சேர்ந்திருக்கிறது. எனக்கும் பக்கத்து ஊர் நூலகர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து, கோவையில் ஒரு ஓட்டல் அரங்கில் இரண்டு நாள் "வாசகர் ஈர்ப்பு, பணியாளர் மேம்பாடு" பயிற்சி தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. முழுத் தொகையும் அதற்கே போய்விடும். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், குறைந்தபட்சம் இந்த வடிவத்தில். உங்களுக்குப் பயிற்சி தேவைதான். ஆனால் மலையிறங்கிப் போய் ஏசி அறையில் கேட்டுவிட்டு வருகிற பயிற்சி, திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது பாதி மறந்திருக்கும். நூலகர் ஒருவரே இருக்கிற நூலகத்தில் நீங்கள் இரண்டு நாள் போனால் கதவும் இரண்டு நாள் அடைபடும். அதே பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, பயிற்சியாளரை உங்கள் ரேக்குகளுக்கு நடுவே வந்து நிற்க வைக்கலாம். அதற்கு முன்னால் நீங்களே செய்துவிட வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதற்குக் காசு ஆகாது.

நாவல், சிறுகதை ரேக்கில் கைக்கு அகப்பட்டபடி ஒரு 50 புத்தகம் எடுங்கள். தேர்ந்தெடுக்காதீர்கள், மேல் தட்டு, நடுத் தட்டு, தரையை ஒட்டிய தட்டு என எல்லா இடத்திலிருந்தும் வரட்டும். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் திருப்பி, தேதிச் சீட்டில் கடைசியாக விழுந்த முத்திரையைப் பாருங்கள். இந்த ஒரு வருடத்துக்குள் போனது ஒரு அடுக்கு, ஐந்து வருடத்துக்குள் போனது இன்னொன்று, அதற்கும் முந்தியது மூன்றாவது. முத்திரையே விழாத புத்தகங்களும் வரும். திகைக்க வேண்டாம், அவற்றையும் மூன்றாவது அடுக்கில் சேருங்கள்.

இப்போது அந்த மூன்றாவது அடுக்கை மேசையில் பரப்பி, வாசகர் கண்ணோடு பாருங்கள். பெரும்பாலும் நான் காண்பது இதுதான்: மேலட்டை போன பிறகு ஒரே பழுப்புக் காலிகோத் துணியில் பைண்டு செய்தது, முதுகில் தலைப்பு இருந்த இடத்தின் மேலேயே வகை எண் ஒட்டியது, குனிந்து, தலையைச் சாய்த்தால்தான் தெரிகிற கீழ்த்தட்டில் இருந்தது. உள்ளே இருக்கும் எழுத்து நல்ல எழுத்தாகவே இருக்கும். அதைக் கையில் எடுக்க வாசகருக்கு ஒரு காரணமும் நாம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அடுக்கிலிருந்து ஒரு பத்தைப் பிரித்து, முன் அட்டை தெரிய, நாளிதழ் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். அட்டை இல்லாததற்கு ஒரு வெள்ளைத் தாளில் தலைப்பையும், "இதில் என்ன கிடைக்கும்" என்று ஒரே ஒரு வரியையும் கையால் எழுதிச் சொருகுங்கள். "படுத்துக்கொண்டு சிரிக்க", "ஒரே மூச்சில் முடிந்துவிடும்", "மாமியாரைப் பிடிக்காதவர்களுக்கு" என்கிற மாதிரி. ஆசிரியர் பெற்ற விருதுப் பட்டியல் வேண்டாம். அதைப் பார்த்தால் பாடப்புத்தகம் என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள்.

இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு சிந்தனையே இருக்கிறது. 1990களில் பிரிட்டனின் பொது நூலகங்களில் வாசகர் வளர்ச்சி என்ற பெயரில் அது வேர்பிடித்தது. எழுத்தாளரை முன்னிறுத்துவதை விட்டு, படிக்கிறவருக்கு அந்தப் புத்தகம் என்ன அனுபவம் தரும் என்பதை முன்னிறுத்தினார்கள். அதைப் பேசத் தெரியும்படி நூலகப் பணியாளர்களைப் பழக்கினார்கள். நமக்கு இது புதிதும் இல்லை. இந்திய நூலகவியலின் தந்தை என்கிற சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்குச் சொன்ன ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. ஆகஸ்ட் 12 அவர் பிறந்தநாளில் படத்துக்கு மாலை போடுகிறோம்; மூன்றாவது விதியைத் தரைத்தட்டில் வைத்துவிட்டோம்.

அடுத்தது பேச்சு. பயிற்சிக்கென்று பணம் செலவழித்தால் முக்கால்வாசி நேரம் இதற்குத்தான் போக வேண்டும். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அக்கா மகனோடு வருகிறார். "என்ன புத்தகம் வேணுங்க?" என்று கேட்கிறோம். "சும்மா, பையனுக்காக வந்தேன்" என்கிறார். பேச்சு அங்கேயே முடிந்தது. புத்தகத்தின் பெயர் தெரிந்தவரிடம் மட்டுமே அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும். மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: "டிவியில என்ன மாதிரிக் கதைக்கா பிடிக்கும்? சிரிக்கிறதா, அழ வைக்கிறதா, அடுத்து என்னன்னு இழுத்துட்டுப் போறதா?" இதற்குப் பதில் இல்லாத ஆள் கிடையாது. பதில் வந்ததும் மூன்று புத்தகம் எடுத்துக் கையில் கொடுங்கள். ஒன்று கொடுத்தால் திணிப்பது போலிருக்கும், பத்துக் கொடுத்தால் மிரண்டுவிடுவார். "பிடிக்கலைன்னா பாதியிலேயே திருப்பிக் கொடுத்துடுங்க, ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லுங்கள். இந்தக் கடைசி வாக்கியம் பலருக்குப் பெரிய விடுதலை. எடுத்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பயந்தவர்கள் அவர்கள்.

இது படிக்கும்போது எளிது, வாயில் வருவது கடினம். நான்கு நூலகர்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஒருவர் வாசகராகவும் மற்றவர் நூலகராகவும் பேசிப் பழகினால்தான் கூச்சம் போகும். உங்கள் உதவியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசகர் முதலில் பார்ப்பது பல நேரம் அவரைத்தான்.

நூலகரும் படிக்க வேண்டும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மேசையில் நாவலை விரித்து வைத்திருந்தால் வேலை பார்க்காமல் இருக்கிறார் என்று நினைக்கிற பழக்கம் நம் துறையில் ஊறிப்போயிருக்கிறது. பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தால் மட்டும் வேலை. வாரத்தில் ஒரு மணி நேரமாவது பணி நேரத்திலேயே படிக்க உங்களுக்கு அனுமதி வேண்டும். அதை மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அலுவலர் என்றதும் இன்னொன்று. நல்ல புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்களா? ஊகம்தான், ஆனால் பெரும்பாலும் தப்பாது. தொலைந்தால் கைக்காசு போகும், இருப்புச் சரிபார்ப்பில் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஒரு வருடத்தில் இரவல் போன, எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாகவே ஏற்கின்றன. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி. உங்கள் மாவட்ட நூலக ஆணைக்குழுவை அது கட்டுப்படுத்தாது. ஆனால் பேச்சை எடுக்க நல்ல ஆதாரம். இழப்பை எப்படிப் பதிவு செய்வது, எதுவரை நூலகரைக் கேட்க மாட்டார்கள் என்று அலுவலர் தெளிவாகச் சொல்லாதவரை, எந்தப் பயிற்சியாளர் வந்து என்ன உற்சாகம் ஊட்டினாலும் பீரோ சாவி உங்கள் இடுப்பில்தான் இருக்கும். ஆகவே பயிற்சியின் ஏதாவது ஒரு மணி நேரத்துக்கு அலுவலரும் வந்து உட்கார வேண்டும். அவர் வரமாட்டார் என்றால் பயிற்சியையே தள்ளிப்போடுவேன்.

இனி அந்த நிறுவனத்திடம் என்ன பேசுவது? முதலில், "எங்கள் நூலகத்தை வந்து பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். பார்க்காமலே இரண்டு நாளுக்கு ஸ்லைடு தயாராக இருக்கிறது என்றால் அது எல்லோருக்கும் காட்டுகிற அதே ஸ்லைடு. தலைமைப் பண்பு, நேர்மறைச் சிந்தனை என்று தலைப்பு வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வரலாம். ஒத்துக்கொண்டால் மூன்று அரைநாளாகப் பிரிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மாதம் விட்டு. முதல் அரைநாள் உங்கள் நூலகத்தில்: 50 புத்தகக் கணக்கை வைத்து ரேக்கை மாற்றி அடுக்குவது. இரண்டாவது பக்கத்து நூலகத்தில்: பேசிப் பழகுவது. மூன்றாவதில் நடுவில் செய்து பார்த்தது எது தேறியது, எது தேறவில்லை என்று ஆள் ஆளுக்குச் சொல்வது. மூன்றாவதற்கு வராத பயிற்சியாளருக்கு முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். கடைசித் தவணையை அதற்கென்று நிறுத்தி வையுங்கள். இப்படிச் செய்தால் பாதிப் பணமாவது மிஞ்ச வேண்டும். செலவுக்கு வாசகர் வட்டத்தின் தீர்மானம் எழுத்தில் இருக்கட்டும். நூலகப் புரவலராகச் சேருகிறவர்கள் புரவலர் திட்டத்தில் தந்த பணத்தை இதோடு கலந்துவிடாதீர்கள்.

சமவெளியிலிருந்து வருகிற பயிற்சியாளர் "சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு வாசகர் சந்திப்பு வையுங்கள்" என்பார். இருட்டிய பிறகு கரடியும் காட்டெருமையும் இறங்குகிற ஊரில், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களிடம் ஆறு மணி எடுபடாது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல்தான் தோட்ட வேலைக்காரர்களுக்குத் தோது. அதைவிடத் தோது, நீங்கள் அவர்களிடம் போவது. ரங்கநாதன் காலத்திலேயே, 1931இல், மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் கிளம்பியது. உங்களுக்கு வண்டிகூட வேண்டாம். படுகர் குடியிருப்பான ஹட்டியில் மகளிர் குழு கூடுகிற நாளில் ஒரு பையில் இருபது புத்தகம் எடுத்துக்கொண்டு போனால் போதும். 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தோட்டங்களில் பிள்ளைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. அப்படி உங்கள் பக்கத்து எஸ்டேட்டில் ஒன்று நடந்துகொண்டிருந்தால் அங்கே ஒரு பெட்டி படக்கதைப் புத்தகம் வைக்க மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வருகிற அம்மாவின் கையிலும் அது போய்ச் சேரும். வீட்டைவிட்டு வர முடியாத முதியவர்களுக்கு எடுத்துப் போக நூலக நண்பர்கள் திட்டத் தன்னார்வலர்கள் இருந்தால் அவர்களுக்கும் அந்த மூன்று புத்தகக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.

கதை சொல்லும் நிகழ்ச்சி வைத்தால் படுக மொழியிலும் சொல்லட்டும். வீட்டில் படுகு பேசி, பள்ளியில் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு, ஹட்டிப் பாட்டி ஒருவர் நூலகத்தில் உட்கார்ந்து கதை சொன்னால் அந்த இடத்தின் மேல் இருக்கிற அச்சம் போய்விடும். முடிந்ததும் அதே மாதிரிக் கதை உள்ள தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். பாட்டிக்குப் பொன்னாடை வேண்டாம், பஸ் காசும் டீயும் கொடுங்கள். வாசகர் வட்டப் பணம் பொன்னாடைக்குப் போனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

போட்டித் தேர்வுப் பிள்ளைகளை நீங்கள் கொஞ்சம் சலிப்போடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். நாள் முழுக்க உங்கள் கூரைக்குக் கீழே இருக்கிற கூட்டம் அது. அதை விட்டுவிட்டு வெளியே வாசகரைத் தேடுவானேன்? குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழுக்கு. கேள்வியில் வரக்கூடிய ஆசிரியர்களின் புத்தகங்களை அவர்கள் மேசைமேலேயே வையுங்கள். "தம்பி, இவர் பேரை மனப்பாடம் பண்றீங்களே, இதுல மூணு பக்கம் படிச்சா மறக்காது" என்று சொல்லுங்கள். மூன்று பக்கத்தோடு நிறுத்தாத ஒருவர் இருவர் எப்படியும் இருப்பார்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க வருகைப் பதிவேட்டை நம்பாதீர்கள், அதில் பேப்பர் பார்ப்பவர்கள்தான் நிறைந்திருப்பார்கள். கடந்த மூன்று மாதத்தில் ஒரு முறையாவது இரவல் எடுத்த உறுப்பினர் எத்தனை பேர் என்பதை இன்றே எண்ணி எழுதி வையுங்கள். அட்டை தெரிய நிறுத்திய புத்தகங்களில் எத்தனை போயின என்பதைத் தனியாகக் குறியுங்கள். ஒப்பிடும்போது மே மாதத்தோடு நவம்பரை வைத்துப் பார்க்காதீர்கள். கோடை விடுமுறைக் கூட்டமும் அடைமழையும் ஒன்றல்ல. போன வருடத்து அதே மாதத்தோடு பாருங்கள்.

மழை என்றதால் ஒரு எச்சரிக்கை: நிறுத்தி வைக்கிற புத்தகங்களை வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்துவிடும்.

காலம் எப்போது என்றால், ஜனவரி கடைசியில் தொடங்குங்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், பச்சைத்தேயிலை வரத்தும் குறைந்திருக்கும், பள்ளித் தேர்வும் நெருங்கியிருக்காது. இரண்டாவது அரைநாள் பிப்ரவரி கடைசியில், மூன்றாவது ஏப்ரலில், விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன். டிசம்பருக்குள் 50 புத்தகக் கணக்கை முடித்து, அந்தத் தாளின் நகலை இணைத்து அலுவலருக்குக் கடிதம் போடுங்கள். மற்ற மூன்று நூலகர்களின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.