லீவர் கீழே நிற்கவில்லையா?

கேள்வி: எங்கள் டோஸ்டரில் லீவரை அழுத்தினால் உடனே மேலே வந்துவிடுகிறது. புதிது வாங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். லீவரைப் பிடித்து வைப்பது ஒரு சின்ன மின்காந்தம். பிளக் பாயிண்டில் கரண்ட் இல்லாவிட்டால் அது பிடிக்காது. முதலில் அதைப் பாருங்கள். அடுத்த சந்தேகம் ரொட்டித்தூள். எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறவிட்டு, அடித்தட்டை உருவினால் ஒரு பிடி தூள்! அப்புறம் கவிழ்த்து மெல்லத் தட்டினேன், சரியாகிவிட்டது. கத்தி, முள்கரண்டி எதையும் தயவுசெய்து உள்ளே விடாதீர்கள். தண்ணீரும் கூடாது.

அப்படியும் நிற்கவில்லையென்றால் புதிது வாங்குங்கள். இரண்டு துண்டு வைக்கும் 700-800 வாட் டோஸ்டர் போதும். தூள் தட்டு தனியாக உருவ வரவேண்டும். பேக்கரி ரொட்டி என்றால் துண்டின் தடிமனை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.