எலும்புப்புரை மாத்திரையால் நெஞ்செரிச்சல்: நிறுத்தலாமா, ஊசிக்கு மாறலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) −2.9, இடுப்பில் −2.4. எலும்புப்புரைக்கு அலென்ட்ரோனேட் மாத்திரை 70 மி.கி. வாரம் ஒன்று, தினமும் கால்சியம், வாரம் ஒரு வைட்டமின் டி என்று எழுதிக் கொடுத்தார்கள். 7 மாதமாகச் சாப்பிடுகிறார். காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரையோடு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். இரண்டு மாதமாக நெஞ்செரிச்சல். மூட்டு வலியும் குறையவில்லை. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தாடை எலும்பு அழுகிவிடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்திவிட்டார். மருந்தை நிறுத்திவிடலாமா? 6 மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசிக்கு மாறலாமா?

பதில்: முதலில் உடனடி விஷயம். இந்த வாரம் அலென்ட்ரோனேட் வேண்டாம். நெஞ்செரிச்சல் புதிதாக வந்திருப்பதால், மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை அந்த ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்தி வையுங்கள். விழுங்கும்போது வலி, உணவு நெஞ்சில் அடைப்பது, கறுப்பாக மலம் போவது இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் போக வேண்டும், எண்டோஸ்கோபி தேவைப்படலாம். சில வாரம் நின்றதால் எலும்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. இந்த வகை மருந்து எலும்போடு ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். இதை நினைவில் வையுங்கள், ஊசியைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

ஆனால் மருந்தையே விட்டுவிடுவது வேறு கதை. நின்ற நிலையிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்திருக்கிறது, டி-ஸ்கோர் −2.5க்கும் கீழே இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் சிகிச்சை வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. அடுத்த முறிவு முதுகெலும்பிலோ இடுப்பிலோ வந்தால் மணிக்கட்டு போல ஆறு வாரக் கட்டோடு முடியாது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அம்மா 7 மாதமாக மாத்திரையைப் போட்டிருக்கிறாரே தவிர, அது உடம்பில் சேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. அலென்ட்ரோனேட்டை எல்லா விதிகளையும் பின்பற்றி வெறும் வயிற்றில் சாப்பிட்டாலும் ரத்தத்தில் சேர்வது 1 சதவீதத்துக்கும் குறைவுதான். காபியோடோ ஆரஞ்சுச் சாறோடோ சாப்பிட்டால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும். கால்சியத்தோடு சேர்த்தால் இரண்டும் குடலிலேயே பிணைந்துகொண்டு மலத்தோடு வெளியேறும். இரண்டு மடக்குத் தண்ணீர் போதாது என்பதால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி அந்தச் சுவரைப் புண்ணாக்கும். உடனே படுத்தால் வயிற்றிலிருந்து அமிலமும் மருந்தும் சேர்ந்து மேலே ஏறும். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரையைக் குற்றம் சொல்வதற்கு முன் அதைப் போட்ட விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மருத்துவர் மறுபடி தொடங்கச் சொன்னால், வாரத்தில் ஒரு நாளை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் காலை எழுந்ததும், வாயில் வேறு எதுவும் படும் முன், 200 முதல் 240 மி.லி. சாதாரணத் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். மென்றாலோ, சப்பினாலோ, பொடித்தாலோ வாயும் தொண்டையும் புண்ணாகும். கால்சியம் மிகுந்த மினரல் வாட்டர் வேண்டாம். அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரம் உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம்; படுக்கக் கூடாது, குனிந்து வேலை செய்வதும் வேண்டாம். அந்த அரை மணி கழிந்து ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் படுக்கை. முதல்நாள் இரவே போட்டுவிட்டால் காலையில் தொல்லை இல்லையே என்று சிலர் மாற்றிக்கொள்வார்கள். அதைவிட மோசமான யோசனை கிடையாது.

அந்த நாளை மறந்துவிட்டால், நினைவு வந்த மறுநாள் காலை ஒன்று போட்டுவிட்டு, அடுத்த வாரம் வழக்கமான நாளுக்குத் திரும்பலாம். ஒரே நாளில் இரண்டு கூடாது.

தைராய்டு மாத்திரைதான் இங்கே சிக்கல், அதுவும் வெறும் வயிற்றைக் கேட்கும். வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் வரிசையை இப்படி வைக்கலாம்: எழுந்ததும் அலென்ட்ரோனேட், அரை மணி கழித்துத் தைராய்டு மாத்திரை, அதன்பின் இன்னும் அரை மணி முதல் ஒரு மணி கழித்துக் காலை உணவு. மற்ற ஆறு நாளும் தைராய்டு மாத்திரை வழக்கம்போல. கால்சியத்துக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே எல்லா நாளும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இத்தனை நாள் சேர்த்தே போட்டிருப்பதால் தைராய்டு மருந்தும் சரியாகச் சேர்ந்திருக்காது, டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை. அந்த அளவு சரியில்லை என்று பார்த்து யாராவது தைராய்டு மருந்தின் அளவை ஏற்கெனவே கூட்டியிருந்தால், கால்சியத்தைப் பிரித்தவுடன் அது அதிகமாகிவிடும். அளவு மீறிய தைராய்டு மருந்து எலும்பைக் கரைக்கும். நேரத்தை மாற்றி 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ஒரு டி.எஸ்.எச். பார்ப்பது நல்லது.

அப்படியானால் கால்சியம் எப்போது? மதிய உணவோடோ இரவு உணவோடோ. இந்த வயதில் உணவும் மாத்திரையும் சேர்த்து நாளொன்றுக்குத் தேவை 1,200 மி.கி. ஒரு டம்ளர், அதாவது 250 மி.லி., பாலில் சுமார் 300 மி.கி. இருக்கிறது. உணவில் வருவதைக் கணக்குப் போட்டுவிட்டுக் குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்ப வேண்டும். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் கொடுத்தால் குடல் ஏற்கும் விகிதம் குறையும். அட்டையின் எழுத்தைக் கவனித்துப் படியுங்கள். கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி. என்று இருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மி.கி.தான். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால்தான் உணவோடு. நெஞ்செரிச்சலுக்காக அம்மாவுக்கு பான்டோபிரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தொடங்கியிருந்தால் கால்சியம் சிட்ரேட்டுக்கு மாற்றித் தரச் சொல்லலாம். அந்த அமில மாத்திரையையும் ஆண்டுக்கணக்கில் இழுக்க வேண்டாம். நீண்ட நாள் பயன்பாட்டோடு எலும்பு முறிவு கூடுவது தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது.

வாரம் ஒரு வைட்டமின் டி என்கிறீர்கள். அது 60,000 யூனிட்டாக இருந்தால் பொதுவாக 8 வாரத்துக்கான மருந்து. அதன்பின் குறைந்த பராமரிப்பு அளவுக்கு வர வேண்டும். 7 மாதமாக வாராவாரம் போயிருந்தால் ரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் கால்சியத்தையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், குழப்பம் எல்லாம் வைட்டமின் டி மிகுந்து கால்சியம் ஏறியதன் அடையாளங்களாக இருக்கலாம்.

இனி மூட்டு வலி. நம் பேச்சில் ‘எலும்புத் தேய்மானம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு நோய்களுக்கும் பயன்படுத்திவிடுகிறோம். மூட்டில் குருத்தெலும்பு தேய்வது ஒன்று; அது வலிக்கும், மாடி ஏறினால் கூடும். எலும்பின் உள்ளே அடர்த்தி குறைந்து, கறையான் அரித்த மரம்போல ஆவது எலும்புப்புரை. முறியும் வரை அது வலிக்கவே வலிக்காது. அம்மாவுக்கு இரண்டும் இருக்கலாம். ஆனால் அலென்ட்ரோனேட் முழங்கால் வலிக்கான மருந்து இல்லை. வலி குறையவில்லை என்பதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டினால், தவறான தராசில் எடை போட்டதாக ஆகும். மூட்டு வலிக்குத் தனியாகப் பாருங்கள். திடீரென நடு முதுகில் வலி வந்தாலோ, உயரம் 2 செ.மீ. குறைந்தாலோ அது வேறு. முதுகெலும்பு நசுங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இன்றே சுவரோரம் நிறுத்தி அம்மாவின் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பிடலாம்.

தாடை எலும்பு பற்றிய பயம் முழுப் பொய்யல்ல, ஆனால் அளவு மீறியது. பல் பிடுங்கிய இடம் ஆறாமல் எலும்பு 8 வாரத்துக்கு மேல் வெளியே தெரிந்தபடி இருப்பதைத்தான் தாடை எலும்புச் சிதைவு என்கிறோம். இந்தச் செய்திகள் பெரும்பாலும் புற்றுநோயாளிகளைப் பற்றியவை. எலும்பில் பரவிய புற்றுநோய்க்கு இதே குடும்ப மருந்துகளைப் பல மடங்கு அதிக அளவில், 3, 4 வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கிறார்கள். எலும்புப்புரைக்குச் சாப்பிடுகிறவர்களில் இது ஆண்டுக்கு 10,000 பேரில் ஒருவர் முதல் 1,00,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான். சீழ் பிடித்த பல்லை அப்படியே விட்டு வைப்பதும் இந்தச் சிதைவுக்கு வழி விடும். 7 மாதமே ஆன நிலையில் மாத்திரையை நிறுத்தி மாதக்கணக்கில் காத்திருந்து பல்லைப் பிடுங்கத் தேவையில்லை. பல் மருத்துவரிடம் மருந்தின் பெயரையும் எத்தனை மாதம் என்பதையும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறாரா, சர்க்கரை நோய் உண்டா, புகைப்பாரா என்பதையும் சொல்ல வேண்டும். இவை ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஊசிக்கு மாறுவதாக இருந்தால் மட்டும், பல் வேலையை முடித்துப் புண் ஆறிய பிறகு ஊசி.

ஊசி என்றால் எந்த ஊசி? உங்கள் மனதில் இருப்பது டெனோசுமாப், 6 மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் 60 மி.கி. நல்ல மருந்து, வயிற்றைத் தொடாது. அலென்ட்ரோனேட்போல எலும்பில் தங்காது என்பதுதான் பிரச்சினை. நாள் தாண்டினால் அடக்கி வைத்திருந்த எலும்புக் கரைப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பும். கடைசி ஊசியிலிருந்து 7 மாதம் கடந்தவர்களுக்கு முதுகெலும்பு முறிவு, அதிலும் ஒரே நேரத்தில் பல எலும்புகள் நசுங்குவது, நடந்திருக்கிறது. ‘சரியாகிவிட்டது, நிறுத்திக்கொள்ளலாம்’ என்று நீங்களாக விடக்கூடிய மருந்து இல்லை இது. நிறுத்தும்போது பின்னாலேயே வேறொரு மருந்து வந்தாக வேண்டும். ஊர் மாறுவது, பணத் தட்டுப்பாடு, கூட்டிப்போக ஆள் இல்லாதது என்று தேதி தவறக்கூடிய வீட்டில் இதைத் தொடங்குவதை நான் விரும்பமாட்டேன். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இந்த ஊசிக்குப் பிறகு ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வாயைச் சுற்றி மதமதப்பு, கை கால் தசை இழுப்பு வந்தால் அதுதான்.

அம்மாவுக்கு உணவுக்குழாய் மறுபடி முரண்டு பிடித்தால் என் தேர்வு சோலெட்ரோனிக் அமிலம். ஆண்டுக்கு ஒரு முறை 5 மி.கி., குறைந்தது 15 நிமிடம் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அலென்ட்ரோனேட்டின் குடும்பமே, தேதி சற்றுத் தள்ளினாலும் பொறுத்துக்கொள்ளும். ஏற்றும் முன் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), கால்சியம், வைட்டமின் டி பார்க்க வேண்டும். சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 35 மி.லி.க்குக் கீழே இருந்தால் இதுவும் அலென்ட்ரோனேட்டும் ஆகாது. அன்று இரண்டு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்துவிட்டுப் போகட்டும். முதல் முறை ஏற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சலும் உடல் வலியும் வரும். பாராசிட்டமால் போதும், 3 நாளில் அடங்கும், அடுத்த ஆண்டு அவ்வளவு இருக்காது.

இவ்வளவு சீக்கிரம் டெக்ஸா ஸ்கேனைத் திரும்ப எடுக்காதீர்கள். 7 மாதத்தில் வரும் மாற்றம் இயந்திரத்தின் பிழை அளவுக்குள் மறைந்துவிடும். சரியாகச் சாப்பிடத் தொடங்கி ஒன்று, இரண்டு ஆண்டு கழித்து, அதே இயந்திரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். எண் ஏறாமல் அப்படியே நின்றாலும் அது தோல்வி இல்லை. மருந்து சேருகிறதா என்று முன்னதாகவே தெரிய வேண்டுமானால், காலை வெறும் வயிற்றில் எடுக்கும் சி.டி.எக்ஸ். என்ற ரத்தப் பரிசோதனை 3 முதல் 6 மாதத்தில் சொல்லிவிடும்.

மருந்து எலும்பைக் காக்கும், விழுவதைத் தடுக்காது. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு இவற்றை இந்த வாரமே செய்யுங்கள். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 முறை, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை, பக்கத்தில் ஆள் இருக்க ஒற்றைக் காலில் நிற்பது. குனிந்து கால் விரலைத் தொடுவதும், இடுப்பை முறுக்கிக்கொண்டு எடை தூக்குவதும் கூடாது. மெலிந்த முதுகெலும்பின் முன்பக்கம் அதில்தான் நசுங்கும்.

மாத்திரையாக இருந்தால் 5 ஆண்டு, நரம்பு ஊசியாக இருந்தால் 3 ஆண்டு முடிந்ததும் தொடர வேண்டுமா, இடைவெளி விடலாமா என்று மருத்துவர் மறுபரிசீலனை செய்வார். நீண்ட நாள் சாப்பிட்டவர்களில் மிகச் சிலருக்குத் தொடை எலும்பு தானாகவே விரிசல் விடும். அதற்கு முன் வாரக்கணக்கில் தொடையிலோ கவட்டையிலோ மந்தமான வலி இருக்கும். அம்மா அப்படிச் சொன்னால் மூட்டு வலிக் கணக்கில் சேர்த்துவிடாமல், மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு தொடைகளுக்கும் முழு நீள எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.